அணையாத விசை: காலராவில் ஒரு செல் சமிக்ஞை தடம் மாறிய விதம் குறித்த நிகழ்வு ஆய்வு

1971 ஜூன் மாத இறுதியில் குழந்தை மருத்துவர் திலீப் மஹாலானாபிஸ் மேற்கு வங்கத்தின் எல்லையோர ஊரான பன்கானுக்குச் சென்று சேர்ந்தபோது, அங்கிருந்த மருத்துவமனையில் காலரா நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த இரண்டு அறைகளிலும் கால் வைக்க இடமில்லை. கிழக்குப் பாகிஸ்தானில் மூண்ட போருக்குத் தப்பி எல்லை கடந்து வந்த அகதிகள் கட்டிலிலும் தரையிலுமாகக் கிடந்தனர். அவர்களுக்குச் சிரை வழியே உப்புநீர் ஏற்ற வேண்டுமானால், வாந்தியும் கழிச்சலும் தேங்கி நின்ற தரையில் மண்டியிட்டுத்தான் ஊசியைச் செலுத்த வேண்டியிருந்தது. உப்புநீர்ப் புட்டிகளின் இருப்போ நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தது.

அங்கிருந்த அகதிகள் முகாமில், உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கவே கொடுப்பது என்று மஹாலானாபிஸ் எடுத்த முடிவு மருத்துவ வரலாற்றில் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. இந்த ஆய்விலும் அதற்கு இடமுண்டு. ஆனால் இங்கே முதன்மையாக ஆராயப்படுவது, தரையில் கிடந்த அந்த நோயாளிகளின் குடற்சுவரில் உள்ள ஒரு செல்லுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதாகும். செல்களின் சமிக்ஞைகளைப் பற்றிய நம் பாடநூல்கள் ஹார்மோன் வந்து, செல்லின் மேற்பரப்பில் செய்தி வாங்கும் புரதமான ஏற்பியில் அமர்வதையும் அதனால் செல் விழித்துக்கொள்வதையும் விரிவாக விளக்கிவிட்டு, அந்தச் சமிக்ஞை எவ்வாறு முடிவுக்கு வருகிறது என்பதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. காலரா நச்சு தாக்குவது அந்த ஓரிரு வரிகளைத்தான். சமிக்ஞையின் முடிவும் அதன் தொடக்கத்தைப் போலவே செல்லின் ஒரு தனி வேலை என்பதை இந்த நோயைக் காட்டிலும் தெளிவாகக் காட்டும் வேறொரு நிகழ்வை நான் அறியேன்.

நோயும் அதன் புதிரும்

கடுமையான காலராவில் நோயாளி ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை நீரை இழக்கக்கூடும். முதல் சில முறைக்குப் பின் மலத்தின் நிறமும் நாற்றமும் மறைந்து, அரிசி களைந்த கழுநீர் போன்ற வெளிறிய நீர் மட்டுமே வெளியேறுகிறது. பொதுவாகக் கடுமையான காய்ச்சல் இருப்பதில்லை. மலத்தில் இரத்தமும் இருப்பதில்லை. கண்கள் குழி விழுகின்றன, விரல்நுனித் தோல் சுருங்குகிறது, கெண்டைக்கால் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன, நாடித்துடிப்பு கைக்கு அகப்படாமல் போகிறது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்களவுக்கு நீர் வெளியேறிவிட்டால், காலையில் நடமாடிக்கொண்டிருந்தவர் மாலைக்குள் இறந்துவிடலாம். கிராமங்களில் ‘வாந்திபேதி’ என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்ல அஞ்சிய காலம் இருந்ததற்கு இந்த வேகமே காரணம்.

இத்தனை நீர் வெளியேற வேண்டுமானால் குடலின் உட்சுவர் கிழிந்திருக்க வேண்டும் என்றே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நோய்க்குறியியலாளர்கள் கருதினர். இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்தபோது குடலின் உட்புறச் செல் அடுக்கான எபிதீலியப் படலம் உரிந்து கிடந்தது அவர்களுடைய கருத்துக்கு வலுச் சேர்த்தது. ஆனால் அந்த உரிதல் இறந்த பின் ஏற்படும் சிதைவு. 1960-இல் யூஜீன் கங்கரோசாவும் அவருடன் பணியாற்றியவர்களும் பாங்காக்கில் உயிருடன் இருந்த காலரா நோயாளிகளின் சிறுகுடலிலிருந்து சிறு திசுத் துணுக்குகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது எபிதீலியம் குலையாமல் இருந்தது. அதாவது, லிட்டர் கணக்கில் நீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்த அந்தச் செல்கள் சிதைந்தவை அல்ல. அவை ஏதோ ஒரு கட்டளைக்குக் கீழ்ப்படிந்து தங்கள் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. கட்டளை எங்கிருந்து வந்தது என்பதே கேள்வியாக எஞ்சியது.

கல்கத்தாவின் முயல் குடல்

நோய்க்கிருமியைக் கல்கத்தாவில் இனங்கண்ட இராபர்ட் கோக் 1884-லேயே அது ஒரு நச்சின் மூலம் செயல்படக்கூடும் என்று ஊகித்திருந்தார். அதன் பிறகு எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த நச்சைத் தேடியவர்கள் பலர். அவர்களுள் பெரும்பாலானோர் கிருமிச் சாற்றை விலங்குகளின் இரத்தத்தில் செலுத்திப் பார்த்தனர். விலங்குகள் இறந்தன, ஆனால் அவற்றுக்குக் காலரா வரவில்லை.

கல்கத்தாவில் நோய்க்குறியியல் பயிற்றுவித்துக்கொண்டிருந்த சம்பு நாத் டே, நச்சு வேலை செய்வது குடலில்தான் என்றால் அதைக் குடலுக்குள்ளேயே வைத்துப் பார்ப்பதுதானே முறை என்று எண்ணினார். மயக்கமூட்டிய முயலின் சிறுகுடலில் ஒரு சிறு துண்டின் இரு முனைகளையும் நூலால் கட்டி, இடைப்பட்ட பகுதிக்குள் கிருமி வளர்ப்பைச் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டு மறுநாள் திறந்து பார்த்தார். கட்டப்பட்ட துண்டு நீரால் உப்பி நின்றது. இம்முறையை அவர் 1953-இல் வெளியிட்டார். 1959-இல், கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய வடிநீரைக் கொண்டு அதே சோதனையைச் செய்து, கிருமியே இல்லாத நிலையிலும் குடல் நீரைச் சுரக்கிறது என்பதை ‘நேச்சர்’ இதழில் அறிவித்தார். பெரிய கருவி எதுவும் இல்லாத ஆய்வகத்தில் நூலும் ஊசியும் முயலும் கொண்டு நிகழ்ந்த கண்டுபிடிப்பு இது. அதே ஆண்டில் பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனத்தில் என். கே. தத்தா குழுவினர் முயல் குட்டிகளைக் கொண்டு இதையொத்த முடிவை எட்டினர்.

டேயின் கண்டுபிடிப்பை உரிய காலத்தில் உலகம் கண்டுகொள்ளவில்லை என்ற வருத்தம் இந்திய அறிவியலாளர்களிடையே இன்றும் உண்டு. 1978-இல் ஸ்டாக்ஹோமில் காலராவைப் பற்றி நடந்த நோபல் கருத்தரங்குக்கு அவர் அழைக்கப்பட்டார். அதற்கு முன்பே அவர் பணி ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். என் பார்வையில் அவருடைய சோதனையின் பெருமை நச்சு இருப்பதை நிறுவியதோடு நின்றுவிடுவதில்லை. கிருமி செல்லைத் தொட்டுச் சிதைக்க வேண்டியதில்லை, கரைந்த ஒரு பொருளே செல்லுக்குச் செய்தி கொண்டு செல்கிறது என்று அது காட்டியதன் மூலம், காலரா என்ற கேள்வியைத் தொற்றுநோயியலிலிருந்து செல் உயிரியலுக்கு நகர்த்தியது. ஆனால் அந்தக் காலத்தில் செல்லுக்குள் செய்தி எவ்வாறு பயணிக்கிறது என்பதை விளக்கும் மொழியே இன்னும் உருவாகி முடிந்திருக்கவில்லை.

நலமான செல் கேட்கும் விதம்

அந்த மொழியின் முதற்சொல் கல்லீரலிலிருந்து வந்தது. அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஏர்ல் சதர்லாந்து, அட்ரினலினும் குளுக்ககானும் கல்லீரல் செல்லைத் தொட்டதும் அங்கே சைக்ளிக் ஏ.எம்.பி என்ற சிறு மூலக்கூறு உருவாவதை 1950-களின் இறுதியில் கண்டார். ஹார்மோன் செல்லுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே ஓடித் திரிவது இந்த இரண்டாம் தூதுவன்தான். இதற்காக 1971-இல், பன்கான் முகாம் நடந்த அதே ஆண்டில், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

குடற்செல்லும் இதே முறையில்தான் கேட்கிறது. குடற்சுவரின் நரம்பு முனைகள் வி.ஐ.பி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு பெப்டைடை வெளியிடுகின்றன. அது குடற்செல்லின் அடிப்புறச் சவ்வில், அதாவது இரத்த நாளங்களை நோக்கிய பக்கத்தில் உள்ள ஏற்பியில் அமர்கிறது. ஏற்பி தன் வடிவத்தைச் சற்றே மாற்றிக்கொண்டு, சவ்வின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ஜி புரதத்தை உசுப்புகிறது.

இங்கே ஓர் எழுத்துச் சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஜி புரதம் பற்றிக்கொள்ளும் இரண்டு பொருள்களின் ஆங்கிலச் சுருக்கங்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘ஜி.டி.பி’ என்றே வரும். நிகழ்வின் உயிரே அந்த இரண்டின் வேறுபாட்டில் இருப்பதால், அவற்றை இருபாஸ்பேட் என்றும் முப்பாஸ்பேட் என்றும் குறிப்பிடுகிறேன். ஓய்வில் இருக்கும் ஜி புரதத்தின் ஆல்ஃபா துணை அலகு குவானோசின் இருபாஸ்பேட்டைப் பற்றியிருக்கும். ஏற்பி உசுப்பியதும் அது கை தளர்ந்து இருபாஸ்பேட்டை விட்டுவிட்டு, செல்லில் நிறைந்திருக்கும் முப்பாஸ்பேட்டைப் பற்றிக்கொள்கிறது. அந்த நிலையில் அது தன் கூட்டாளித் துணை அலகுகளிடமிருந்து விலகிச் சென்று அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்டுகிறது. நொதி சைக்ளிக் ஏ.எம்.பி-யை உற்பத்தி செய்கிறது. அது புரத கைனேஸ் ஏ என்ற மற்றொரு நொதியை விடுவிக்கிறது. அந்த நொதி குடலின் உட்குழியை நோக்கிய மேற்சவ்வில் உள்ள சி.எஃப்.டி.ஆர் என்ற குளோரைடு வாயிலில் பாஸ்பேட்டை ஏற்றி அதைத் திறக்கச் செய்கிறது. குளோரைடு வெளியேறுகிறது, சோடியம் அதைப் பின்தொடர்கிறது, உப்பு போன வழியே நீரும் போகிறது. குடலின் உட்புறம் வறண்டுபோகாமல் உணவு வழுக்கிச் செல்வதற்கு அளவான இந்தச் சுரப்பு தேவை.

அளவைக் காப்பது எது? ஆல்ஃபா துணை அலகு தான் பற்றியிருக்கும் முப்பாஸ்பேட்டைத் தானே மெதுவாக வெட்டுகிறது. ஒரு பாஸ்பேட் உதிர்ந்ததும் முப்பாஸ்பேட் இருபாஸ்பேட்டாகிவிடுகிறது. ஆல்ஃபா மீண்டும் தன் கூட்டாளிகளுடன் சேர்ந்து ஓய்வுக்குத் திரும்புகிறது. இந்த வெட்டு நிகழச் சில பத்து விநாடிகள் ஆகலாம். ஆக, ஏற்றிய விளக்கே தன் எண்ணெயின் அளவையும் குறித்து வைத்திருப்பதுபோல், ஜி புரதம் தன்னைத் தூண்டிய கணத்திலேயே தான் அணைய வேண்டிய கெடுவையும் உடன் கொண்டிருக்கிறது. ஏற்பியிலிருந்து வி.ஐ.பி விலகிவிட்டால் புதிதாக உசுப்பல் இல்லை. பழைய உசுப்பலும் விநாடிக் கணக்கில் தீர்ந்துவிடும். ஏற்கெனவே உருவான சைக்ளிக் ஏ.எம்.பி-யைச் சிதைக்க வேறு நொதிகள் இருக்கின்றன.

நச்சு நுழையும் வழி

காலரா நச்சு ஆறு துண்டுகளாலான புரதம். ஒரே மாதிரியான ஐந்து ‘பி’ துணை அலகுகள் வளையமாக அமைந்திருக்க, அதன் மேல் ஒற்றை ‘ஏ’ துணை அலகு அமர்ந்திருக்கிறது. பி வளையம் கால்கள். வேலை செய்யும் கை ஏ. வளையத்தின் கால்கள் குடற்செல்லின் மேற்சவ்வில் உள்ள ஜி.எம்.1 என்ற சர்க்கரை கலந்த கொழுப்பு மூலக்கூறுகளைப் பற்றுகின்றன. ஐந்து கால்களும் ஊன்றக் கூடியதால் பிடி மிக உறுதியானது.

ஜி.எம்.1-ஐ நச்சின் ஏற்பி என்று நூல்கள் அழைக்கின்றன. அச்சொல் சிறிது குழப்பம் தரக்கூடியது. வி.ஐ.பி-யின் ஏற்பி செய்தியை வாங்கி உள்ளே சொல்லும் ஏற்பி, ஜி.எம்.1 எதையும் சொல்வதில்லை, நச்சு ஊன்றிக்கொள்ள இடம் தருவதோடு சரி. நச்சு எந்த ஹார்மோனைப் போலவும் வேடமிடவில்லை, எந்த ஹார்மோன் ஏற்பியையும் ஏமாற்றவில்லை. அது ஏற்பியைச் சுற்றிக்கொண்டு நேராக அதற்கு அடுத்த கட்டத்துக்குச் செல்கிறது. 1970-இல் கொழுப்புச் செல்களின் மேல் இந்த நச்சை இட்டபோது அவை கொழுப்பைச் சிதைக்கத் தொடங்கின. குடலோடு எந்தத் தொடர்பும் இல்லாத செல் கூட இந்த நச்சுக்கு, அட்ரினலின் வந்தால் எப்படிப் பதில் சொல்லுமோ அப்படியே பதில் சொன்னது. எந்தக் கட்டளைக்கு எந்த வேலை என்பதை அந்தந்தச் செல்லே தீர்மானித்து வைத்திருக்கிறது. நச்சு கட்டளையின் பொதுவான கண்ணியைப் பிடித்தால் போதும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் ஒரு தூரச் சிக்கல் இருந்தது. நச்சு ஊன்றுவது உட்குழியை நோக்கிய மேற்சவ்வில். ஜி புரதமும் அடினைலைல் சைக்ளேஸும் இருப்பது பெரும்பாலும் அடிப்புறச் சவ்வில். நச்சின் பயணம் சுற்றுவழியானது. மேற்சவ்வு உள்மடிந்து நச்சை ஒரு சிறு பையில் வாங்கிக்கொள்கிறது. அந்தப் பை கோல்கை வழியாகப் பின்னோக்கி நகர்ந்து எண்டோபிளாச வலைக்குச் செல்கிறது. செல் தானே தயாரித்த புரதங்களை வெளியே அனுப்பும் பாதை அது. நச்சு அதில் எதிர்த்திசையில் செல்கிறது. வலையின் உள்ளே ஏ துணை அலகின் செயற்பகுதி பிரிந்து, மடிப்பு அவிழ்ந்து, வலையிலிருந்து செல்லின் நீர்மத்துக்குள் நழுவுகிறது. குறையுள்ள புரதங்களை அழிப்பதற்காக வெளியே தள்ளும் செல்லின் சொந்த ஏற்பாட்டையே அது தன் வாசலாக்கிக்கொள்கிறது. ஆய்வகத்தில் நச்சை இட்டதற்கும் சுரப்பு தொடங்குவதற்கும் இடையே அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எதுவும் நிகழாமல் இருப்பதற்கு இந்தப் பயணமே காரணம்.

வெட்டும் கை கட்டப்படுதல்

உள்ளே வந்த துண்டு ஒரு நொதி. செல்லில் தாராளமாகக் கிடைக்கும் என்.ஏ.டி என்ற மூலக்கூறிலிருந்து ஏ.டி.பி-ரைபோஸ் என்ற பகுதியைப் பிய்த்தெடுத்து, அதை ஜி புரதத்தின் ஆல்ஃபா துணை அலகில் 201-ஆவது இடத்தில் உள்ள ஆர்ஜினின் மேல் ஒட்டிவிடுகிறது. ஆல்ஃபாவில் இருக்கும் நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்களில் குறிப்பாக இதன் மேல் ஒட்டுவதில்தான் நச்சின் நுட்பம் அடங்கியிருக்கிறது. முப்பாஸ்பேட்டை வெட்டும் வேலைக்கு இன்றியமையாத ஆர்ஜினின் அது. அதன் மேல் பளு ஏறியதும் வெட்டு நின்றுவிடுகிறது. ஆல்ஃபாவுக்கு முப்பாஸ்பேட்டைப் பற்றத் தெரியும், சைக்ளேஸைத் தூண்டத் தெரியும், அணையத் தெரியாது.

இதை முதலில் கண்டவர்கள் குடலைக் கொண்டு காணவில்லை. ஜெருசலேமில் டான் காசெலும் ஸ்வி செலிங்கரும் வான்கோழியின் சிவப்பணுச் சவ்வுகளில், ஹார்மோன் தூண்டும்போது முப்பாஸ்பேட் வெட்டப்படும் வேகம் கூடுவதை அளந்துகொண்டிருந்தனர். காலரா நச்சை இட்டதும் அந்த வெட்டு அடங்கியது. சைக்ளேஸின் வேலையோ தொடர்ந்தது. 1977-இல் வெளியான அந்த முடிவு, ஜி புரதத்தின் விசை, அதாவது சுவிட்ச், எவ்வாறு அணைகிறது என்பதை விளக்கிய முதற்சான்றுகளுள் ஒன்று. அக்காலத்தில் ஜி புரதமே இன்னும் தனியாகப் பிரித்தெடுக்கப்படவில்லை. மார்ட்டின் ராட்பெல் 1970 வாக்கில், ஹார்மோனுக்கும் சைக்ளேஸுக்கும் இடையே முப்பாஸ்பேட்டை வேண்டுகிற ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று காட்டியிருந்தார். ஆல்ஃபிரட் கில்மன் குழுவினர் 1980-இல் அந்தப் புரதத்தைத் தூய்மைப்படுத்தினர். கதிரியக்கக் குறியிட்ட என்.ஏ.டி-யோடு காலரா நச்சைச் சேர்த்தால், நச்சு அந்தப் புரதத்தின் மேல் தானே குறி வைத்துவிடும். எனவே எண்ணற்ற சவ்வுப் புரதங்களுக்கு நடுவே அதை அடையாளம் காண ஆய்வாளர்களுக்கு நச்சே உதவியது. 1994-இல் ராட்பெலும் கில்மனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கங்கைச் சமவெளியில் பல தலைமுறைகளைக் கொன்ற ஒரு நச்சு, செல்லின் செய்தித் தொடர்பை விளங்கிக்கொள்ளும் ஆய்வகக் கருவியாக மாறியதை ஆறுதல் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

நச்சு நொதியாக இருப்பதால், உள்ளே வந்த ஒவ்வொரு துண்டும் பல ஜி புரதங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிப்போடக்கூடும். கட்டுண்ட ஒவ்வொரு ஜி புரதமும் சைக்ளேஸைத் தொடர்ந்து தூண்டுகிறது, சைக்ளிக் ஏ.எம்.பி-யைச் சிதைக்கும் நொதிகள் இருந்தும் உற்பத்தி அவற்றை விஞ்சிவிடுகிறது. குளோரைடு வாயில் திறந்தபடியே நிற்கிறது. அதே நேரத்தில், குடற்சுவரின் விரல் போன்ற நீட்சிகளான குடலுறிஞ்சிகளில் உப்பை உள்வாங்கும் வழிகளில் ஒன்றையும் புரத கைனேஸ் ஏ அடக்கிவிடுகிறது. வெளியே தள்ளும் குழாய் திறந்து கிடக்க, உள்ளே இழுக்கும் குழாயின் ஒரு பகுதி மூடப்படுகிறது. இரண்டின் விளைவே கழுநீர்.

இத்தனைக்கும் விதையான நச்சின் மரபணுக்கள் காலராக் கிருமியான விப்ரியோவின் சொந்தச் சொத்தும் அல்ல. பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் அவற்றைச் சுமந்து வந்து சேர்த்தது என்பதை 1996-இல் மேத்யூ வால்டரும் ஜான் மெகலானோஸும் காட்டினர். அந்த வைரஸ் இல்லாத விப்ரியோக்கள் இவ்வாறான காலராவைத் தருவதில்லை.

அதே கண்ணி, வேறு விபத்துகள்

ஒரு நிகழ்விலிருந்து பொதுவான விதியை எடுக்க முனைகையில், அதே கண்ணி வேறு காரணங்களால் பழுதாகும் இடங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பாதுகாப்பானது. இங்கே இரண்டு ஒப்பீடுகள் போதும்.

1958-இல் வெர்னரும் மாரிசனும் விவரித்த ஒரு நோயில், கணையத்தில் வளரும் கட்டி ஒன்று காரணமாக நோயாளிக்கு ஓயாத நீர்க்கழிச்சல் ஏற்படுகிறது. கிருமி எதுவும் இல்லை. பின்னாளில் அந்தக் கட்டி வி.ஐ.பி-யை அளவின்றிச் சுரப்பது தெரியவந்தது. ‘கணையக் காலரா’ என்றே அதற்கு ஒரு பெயரும் உண்டு. இங்கே அணைக்கும் விசைக்குப் பழுதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை அணைந்ததும் மீண்டும் தூண்டப்படுகிறது. எனவே கட்டியின் சுரப்பை அடக்கும் மருந்து கொடுத்தால் கழிச்சல் குறைகிறது. காலராவில் அந்த வழி பயன்படாது, ஏனெனில் அங்கே நிறுத்துவதற்குரிய ஹார்மோன் எதுவும் இல்லை.

மற்றொன்று மெக்குன்-ஆல்பிரைட் நோய். கருவின் வளர்ச்சியில் ஏதோ ஒரு செல்லில், ஆல்ஃபா துணை அலகின் அதே 201-ஆவது ஆர்ஜினின் மரபணுப் பிழையால் வேறு அமினோ அமிலமாக மாறிவிடுகிறது. அச்செல்லின் வழித்தோன்றல்களில் மட்டும் விசை அணைவதில்லை. சிறுமிகளுக்கு மிக இளம் வயதிலேயே பூப்பு, தோலில் காப்பி நிறத் திட்டுகள், எலும்பில் நார்த்திசு வளர்ச்சி என்று அந்தச் செல்கள் எங்கெங்கே பரவினவோ அங்கங்கே ஒரு கோளாறு. காலரா நச்சு வெளியிலிருந்து வந்து செய்வதை இங்கே ஒற்றை எழுத்துப் பிழை உள்ளிருந்து செய்கிறது. இரண்டையும் அருகருகே வைத்தால்தான், காலராவின் அடிப்படை குடலின் தனிப்பண்பு அல்ல என்பது புலப்படுகிறது. பழுதான கண்ணி ஒன்றே. கழிச்சலா பூப்பா என்பது செல்லைப் பொறுத்தது.

சி.எஃப்.டி.ஆர் வாயில் பழுதான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் குடற்திசு இத்தகைய தூண்டலுக்குக் குளோரைடைச் சுரப்பதில்லை. அந்த மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர்கள் காலராவிலிருந்து ஓரளவு காக்கப்பட்டிருக்கலாம் என்று ஒரு கருதுகோள் உண்டு. எலிகளில் நடந்த சோதனைகள் ஒன்றுக்கொன்று முரணான விடைகளையே தந்தன. கதை கவர்ச்சியாக இருப்பதாலேயே அது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

திறந்திருந்த மற்றொரு வாசல்

விசையை அணைக்க முடியாது என்றால் நோயாளியை எவ்வாறு காப்பது? விடை, அந்தச் சமிக்ஞைக்குக் கட்டுப்படாத ஒரு வாசலில் இருந்தது. 1960 ஆகஸ்டில் ப்ராக் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில் இராபர்ட் கிரேன், குடற்செல் குளுக்கோஸை உள்ளே வாங்கும்போது சோடியத்தையும் சேர்த்தே வாங்குகிறது என்ற கருத்தை முன்வைத்தார். அந்தக் கடத்திப் புரதம் ஒரு குளுக்கோஸோடு இரண்டு சோடியத்தை ஏற்றிக்கொள்கிறது. சைக்ளிக் ஏ.எம்.பி எவ்வளவு ஏறினாலும் இந்தக் கடத்தியின் வேலை நிற்பதில்லை. எனவே காலராவின் உச்சத்தில்கூட உப்பைக் குளுக்கோஸோடு சேர்த்துக் குடிக்கக் கொடுத்தால், குடல் அதை உள்வாங்கும். உப்போடு நீரும் உள்ளே வரும். கழிச்சல் நிற்காது, ஆனால் இழப்பு ஈடாகும்.

கோட்பாட்டுக்கு முன்பே நடைமுறை வந்துவிட்டது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 1953-இல் கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்து 186 காலரா நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்ததை ‘லான்செட்’ இதழில் எழுதினார். அது ஏன் பலித்தது என்று விளக்கும் செல் உயிரியல் அன்று இல்லாததால் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1968-இல் டாக்காவின் காலரா ஆய்வகத்தில் டேவிட் நேலினும் ரிச்சர்ட் கேஷும் முறையாக அளந்து, வாய்வழிக் கரைசல் சிரைவழி நீரின் தேவையை வெகுவாகக் குறைக்கிறது என்று காட்டினர். ஆனாலும் பயிற்சி பெற்றவர் கண்காணிப்பில் மட்டுமே அது பாதுகாப்பானது என்ற எண்ணம் மருத்துவர்களிடையே நீடித்தது.

பன்கானில் அந்தத் தயக்கத்துக்கு இடமே இருக்கவில்லை. மஹாலானாபிஸ் குழுவினர் கல்கத்தாவில் குளுக்கோஸ் 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சோடியம் பைகார்பனேட் 2.5 கிராம் என்று ஒரு லிட்டருக்குரிய அளவில் நிறுத்து, பிளாஸ்டிக் பைகளில் இட்டு, சூடான இஸ்திரிப்பெட்டியால் வாயை ஒட்டி அனுப்பினர். முகாமில் அதைக் குடிநீரில் கலந்து வைத்தனர். தாய்மாரும் உறவினர்களும் நோயாளிகளுக்குக் குவளை குவளையாக ஊட்டினர். அவர்கள் பொறுப்பில் 3,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளுள் இறந்தவர்கள் 3.6 விழுக்காட்டினர், அதற்கு முன் முகாம்களில் இறப்பு 30 விழுக்காடு வரை இருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத கணக்கு என்று விமர்சகர்கள் குறை கூறினர். அகதிகள் முகாமில் ஒரு பாதிக்கு மருந்தும் மறுபாதிக்கு வெறும் நீரும் கொடுத்திருக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

பின்னாளில் கரைசலின் செறிவு திருத்தப்பட்டது. 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் பொட்டலத்தில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சமையல் உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். குளுக்கோஸும் சோடியமும் சம எண்ணிக்கையில் இருக்குமாறு அமைந்த அளவு இது. தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் ‘ஓ.ஆர்.எஸ்’ என்று கேட்டால் கிடைப்பதும் இந்தப் பொட்டலமே.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சிந்தனையைச் சிறுகுடலுக்கு அப்பால் நீட்டியது. எளிதில் செரிக்காத மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தால், அது சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துக் குறுங்கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. அந்த அமிலங்கள் பெருங்குடற்செல்லைச் சோடியத்தையும் நீரையும் உள்வாங்கச் செய்கின்றன. 48 காலரா நோயாளிகளில், இவ்வாறு மாவுச்சத்துச் சேர்த்த கரைசலைக் குடித்தவர்களுக்குக் கழிச்சலின் அளவும் நாளும் குறைந்தன. இங்கேயும் ஜி புரதத்தின் விசையை எவரும் தொடவில்லை. பேதிக்கு உப்புக் கஞ்சி கொடுத்த வீடுகள் இந்த விளக்கத்தை அறியாமலேயே அதன் அருகில் இருந்திருக்கின்றன. ஆனால் கஞ்சியில் உள்ள மாவு பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்துவிடுவது என்பதால், இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது.

நோய் முடியும் விதம்

நீர் ஈடாகிக்கொண்டிருந்தால் நோயாளி சில நாள்களில் தேறுகிறார். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் கிருமியின் எண்ணிக்கை குறைந்து, புதிய நச்சு வருவது விரைவில் நிற்கிறது. ஏற்கெனவே கட்டுண்ட ஆல்ஃபாக்களை அந்த மருந்தால் விடுவிக்க முடியாது. நாம் அறிந்த எந்தச் சிகிச்சையும் அந்த ஆர்ஜினின் மேல் ஒட்டிய பளுவைக் கழற்றுவதற்காகக் கொடுக்கப்படுவதில்லை.

அதைக் குடலின் இயல்பான புதுப்பித்தலே தீர்த்துவைக்கிறது. குடலுறிஞ்சிகளின் அடியில் உள்ள குழிகளில் மூலச்செல்கள் ஓயாமல் பிரிந்து, புதிய செல்கள் மேல்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கின்றன. பழைய செல்கள் உறிஞ்சியின் நுனியை அடைந்ததும் உட்குழியில் உதிர்ந்துவிடுகின்றன. பெரும்பாலான குடற்செல்களின் ஆயுள் சுமார் மூன்று முதல் ஐந்து நாள்கள். நச்சு பட்ட செல் உதிரும்வரை சைக்ளிக் ஏ.எம்.பி-யை உற்பத்தி செய்துகொண்டேதான் இருக்கிறது. அதன் இடத்துக்கு வரும் செல்லில் ஜி புரதம் முப்பாஸ்பேட்டை வெட்டுகிறது, வி.ஐ.பி வந்தால் வாயில் திறக்கிறது, வி.ஐ.பி போனதும் மூடுகிறது.